குரல்மகள்

பேனாவைக் கொஞ்சம் கீழே வையுங்கள், அம்மா. அவசரமில்லை. கோதண்டம் சார் சாப்பிடப் போயிருக்கிறார். அவர் தயிர்சாதத்தை முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு வர எப்படியும் முக்கால் மணி ஆகும். அதற்குள் இந்தப் படிவத்தை உங்களுக்கு விளக்கி, கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அதுதான் எனக்கு இட்ட வேலை. விளக்கத்தான் போகிறேன். என் வழியில் விளக்குகிறேன், அவ்வளவுதான். டீ ஆறுகிறது, குடித்துக்கொண்டே கேளுங்கள்.

பூங்காவனம் என்று எழுதியிருக்கிறீர்கள். பேருந்து நிலையத்தில் பதினோரு வருடமாக மைக்கில் வண்டி அறிவிப்பவர். நான் எழிலரசி. பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு. வகுப்பு இல்லாத நேரத்தில் இந்த டப்பிங் ஸ்டூடியோவில் வசனம் எழுதுகிறேன். வெளிநாட்டுத் தொடர்கள் வரும். திரையில் இருக்கிறவர்களின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழ் எழுதித் தர வேண்டும். சும்மா மொழிபெயர்ப்பு இல்லை இது. அவர்கள் 'ம' என்று உதட்டை மூடும் இடத்தில் நம் சொல்லும் மூட வேண்டும். செய்து பார்த்தால்தான் தெரியும்.

இந்த நாலாவது பத்தியில் ஒரு சொல் இருக்கிறது, பாருங்கள். என் விரல் இருக்கும் இடம். குரல்மகள். நல்ல சொல் இல்லையா? கலைமகள், நிலமகள், அலைமகள் மாதிரி. நான் உண்டாக்கியது. போன ஆடியில் உண்டாக்கினேன், இப்போது இந்தத் தெருவிலிருக்கிற மூன்று ஸ்டூடியோவின் படிவங்களிலும் இதே சொல்தான். ஒரு சொல் பிறந்து புழக்கத்துக்கு வருவதைக் கண்ணால் பார்ப்பது எங்கள் படிப்பில் எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

பெருமை பேசவில்லை. பெருமைப்பட்ட காலம் ஒன்று இருந்தது, அதைச் சொல்கிறேன்.

ஆடியில் ஒரு தொடர் வந்தது. வாராவாரம் ஒரு தனிக்கதை. அதில் இரண்டாவது கதை இது. நாற்பது வீடுகள் உள்ள ஒரு ஊர். ஒரு ரொட்டிக்கடை, ஒரு பள்ளிக்கூடம், ரயிலே வராத ஒரு ரயில் நிலையம். ஊர் முழுவதும் ஒரு கணினிக்குள் இருக்கிறது. ஊர்க்காரர்களும் கணினி செய்த ஆட்கள்தான், ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. வெள்ளம் வந்தால் மனிதர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள், தீப்பிடித்தால் யாரை முதலில் தூக்குவார்கள் என்று சோதித்துப் பார்க்க ஒரு பொறியாளர் அந்த ஊரைச் செய்து வைத்திருக்கிறான். சனிக்கிழமை ஊரை அழிப்பான். பிறகு எல்லாரையும் திங்கட்கிழமைக்குத் திருப்பி வைப்பான். ரொட்டிக்கடை நோராவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். அடுப்பில் கை சுட்டுக்கொள்கிறாள், திங்கட்கிழமை பார்த்தால் தழும்பு இல்லை. வலி மட்டும் நினைவிருக்கிறது.

கடைசிக் காட்சியில் கடை வானொலி வழியாக அவள் அவனிடம் கேட்கிறாள், என்னை எத்தனை தடவை திருப்பி வைத்தாய் என்று. அவன் பக்கத்திலிருப்பவனிடம் நிறுத்து என்கிறான். ஆங்கிலத்தில் அங்கே ஒரு குட்டிச் சொல். மேசை நாற்காலிக்குச் சொல்கிற சொல். 'அதை நிறுத்து' என்று எழுது என்றார் கோதண்டம் சார். எனக்கு வந்ததே ஆத்திரம்.

"அவன் 'அதை'ன்னுதானேம்மா சொல்றான்" என்றார்.

"அவன் தப்பாச் சொன்னா நாமளும் தப்பாச் சொல்லணுமா சார்?"

ஒரு மணி நேரம் வாதாடினேன். கேள்வி கேட்கிறவள் எப்படி அஃறிணை ஆவாள்? வலியை நினைவு வைத்திருக்கிறவளை 'அது' என்று சொல்ல நம் மொழிக்கே கூசாதா? என் வகுப்பில் இப்படித்தான், நான் எழுந்தால் பேராசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார். சார் இருபத்தைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவர், அவர் இலக்கணத்துக்கே வரவில்லை. "எழில், அவன் வாய் ஒரு தடவைதான் திறக்குது. உன் 'அவளை'க்கு மூணு தடவை திறக்கணும். மீதி ரெண்டை நீ போய்த் திறந்து விடுவியா?" என்றார். நான் விடவில்லை. அவன் 'நிறுத்து' என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்புகிறான் இல்லையா, அந்தத் திருப்பத்தில், வாய் தெரியாத இடத்தில் 'அவளை' என்பதை வைத்தேன். நிறுத்து, அவளை. பொருந்திவிட்டது. பார்த்தவர்கள் மூலத்தைவிட இது நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நோராவுக்குக் குரல் கொடுத்தது ஆக்னஸ் அக்கா.

உங்களுக்கு அவரைத் தெரியாது, குரல் தெரியும். இருமல் மருந்து விளம்பரத்தில் வரும் அம்மா அவர்தான். பொம்மைப் படங்களில் வரும் பையன்கள், குட்டிப் பெண்கள், ஒரு அணில், எல்லாம் அவர். இருபத்திரண்டு வருடம். சொந்தப் பிள்ளை இல்லை. கேட்டால், ஊரில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் நான்தானே பேசுகிறேன், வீட்டில் வேறு ஒன்று பேச வேண்டுமா என்று சிரிப்பார். என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். 'மழை'யை நான் திருத்துவேன் என்பதற்காக, வேண்டுமென்றே 'மளை' என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்ப்பார்.

அந்தக் கதை முடிந்த வாரம்தான் இந்தப் படிவம் வந்தது. கணினிக்குரல் செய்கிற ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, ஆங்கிலத்தில் வந்தது. ஒருவர் குரலை மாதிரி எடுத்து, அதை வைத்துக் கணினி தானாகவே எதை வேண்டுமானாலும் பேசும், அதற்கு அவருடைய சம்மதம். ஆங்கிலத்தில் நீட்டினால் பயந்துபோய் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், நல்ல தமிழில் ஆக்கு என்றார் சார். நான் முதலில் எழுதியது 'போலிக்குரல்'. ஆமாம் அம்மா, முதலில் அப்படித்தான் எழுதினேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போலி என்று இருந்தால் எவள் கையெழுத்துப் போடுவாள் என்றார். பிரதி என்ற பொருளில் 'படிக்குரல்' என்றேன், மாடிப்படியா என்றார்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நோராவுக்காக அவ்வளவு சண்டை போட்டவள் நான். கணினிக்குள் பிறப்பது ஒரு பொருள் இல்லை, ஓர் ஆள் என்று வாதாடியவள். அப்படியானால் ஒரு குரலிலிருந்து பிறப்பது அந்தக் குரலின் மகள்தானே? குரல்மகள் என்றேன். சார் உடனே சரி என்றார். என்னோடு வாதாடித் தோற்றதில் அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். தானே கீழே போய் டீ வாங்கி வந்தார்.

அது ஏன் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும் என்கிறீர்களா? இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சரி.

படிவத்தை ஆக்னஸ் அக்காவிடம் நான்தான் கொண்டுபோனேன், இதோ உங்களிடம் வந்த மாதிரியே. மற்றதையெல்லாம் வேகமாகப் படித்தவர் இந்தச் சொல்லில் நின்றுவிட்டார். டப்பிங்காரர்கள் ஒரு வசனத்தை வாயில் போட்டுப் பார்ப்பார்கள், உரக்க, மெதுவாக, வேறு வேறு விதமாக. அப்படிச் சொல்லிப் பார்த்தார்.

"குரல்மகளா? எனக்கா? இவ என்ன வாத்தியாரே பண்ணுவா?"

"உங்க குரல்ல பேசுவாக்கா. நீங்க இல்லாத இடத்துலயும் பேசுவா."

"நான் செத்த பிறகு?"

"அப்பவும் பேசுவா."

இதில் ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா, சொல்லுங்கள். ஒரு வார்த்தை? எல்லாம் படிவத்தில் இருப்பதுதான். உங்களுக்குப் பதிலாகப் பேசுவாள் என்று நான் சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் அவர் கேட்கவில்லையே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

கையெழுத்துப் போட்டார். படிவத்தின் அடியில், இதோ, உங்களுடையதிலும் இருக்கிறது, குரல்மகளின் பெயர் என்று ஒரு கோடு. கணினியில் கோப்புக்கு வைக்கிற பெயர் அது, சும்மா ஒரு எண் போட்டால் போதும். அக்கா பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். வீட்டுக்குப் போன் போட்டு, கணவர் சகாயத்திடம் ஏதோ கேட்டார். அவர் என்ன சொன்னாரோ, வெட்கப்பட்டுக்கொண்டு சிரித்தார். பிறகு எழுதினார், ஜெசிந்தா.

குரல் மாதிரிக்கான வாக்கியங்களை எழுதியதும் நான்தான். அறுநூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். தமிழில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வந்தாலும் எப்படி ஒலிக்கும் என்பது அத்தனையும் அதில் வந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பாராட்டி எழுதினார்கள், இந்திய மொழிகளில் இவ்வளவு சுத்தமான பட்டியல் வந்ததில்லையாம். ஐந்து நாள் காலையில் வந்து அக்கா அவ்வளவையும் படித்தார். அந்த ஐந்து நாளும் ஒரு தடவைகூட 'மளை' என்று சொல்லவில்லை. புள்ள தப்பாக் கத்துக்கக் கூடாதில்ல என்றார்.

எல்லாம் தயாராகிப் பேசவைத்துப் பார்த்தால், அச்சு அசல் அக்காதான். சிரிப்புக்கூடப் பரவாயில்லை. அழுகை மட்டும் வரவில்லை. வாசல்மணி ரிப்பேரான மாதிரி ஒரு சத்தம். அழுகையைத் தனியாக ஒரு ட்ராக் எடுத்துவிடு என்றார் சார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இதுதான் ஆக்னஸுக்குக் கடைசி நாள், மீதி ஒன்பது கதையும் ஜெசிந்தாவே பேசிவிடும், ஆக்னஸிடம் இப்போது சொல்லாதே, சொன்னால் அழுகை சரியாக வராது.

வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. இதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்தேன். அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. படிவம் எழுதியபோதும், வாக்கியம் எழுதியபோதும், ஒரு பெரிய காரியத்துக்கு உதவுகிறேன் என்றுதான் இருந்தேன். இதை எந்தச் சபையிலும் வாதாடி நிறுவுவேன். ஆனால் அன்றைக்குப் பதினோரு மணிக்கு எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மைக் அறைக்குள் போனேன்.

"அக்கா, கொஞ்சம் அழணும்."

"எந்த சீனுக்கு?"

"சீன் இல்லக்கா. ஜெசிந்தாவுக்கு."

"ஏன், அதுக்கு அழத் தெரியாதா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? திருத்தினேன். அந்த நிலைமையிலும் திருத்தினேன். "அதுக்கு இல்லக்கா, அவளுக்கு."

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஆமா, அவளுக்கு. சரி, நான் சொல்லித் தர்றேன், நீ போ."

மூன்று விதமாக அழுதார். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இன்னது என்று மைக்கில் சொன்னார், பாடம் எடுப்பது போல. இது தொண்டையிலேயே நிறுத்திக்கொள்கிறது, பேருந்தில் வரும்போது. இது செய்தி கேட்டதும் வருவது, இதில் மூச்சு முதலில் வரும், சத்தம் பிறகுதான். மூன்றாவதற்கு மைக்குக்குப் பக்கமாக நெருங்கி நின்றார். இது குழாயைத் திறந்து விட்டுட்டு அழுறதும்மா, வீட்டுல ஆளுங்க இருக்கும்போது, என்றார். அந்த 'அம்மா' எனக்கு இல்லை. மைக்குக்கு.

மூன்றாவதை இரண்டு தடவை எடுத்தோம். முதலில் எடுத்ததில் வளையல் சத்தம் விழுந்துவிட்டது என்று நான்தான் மறுபடியும் கேட்டேன்.

பிறகு அக்கா போன் பண்ணினார், அடுத்த கதை எப்போது என்று. சொல்கிறேன் அக்கா என்றேன். மறுவாரம் பண்ணினார், சொல்கிறேன் என்றேன். மூன்றாவது தடவை, சாருக்கு என் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்றேன். நாலாவது தடவை எடுக்கவில்லை. தேர்வு நேரம். உண்மையாகவே தேர்வு நேரம்தான், கால அட்டவணை வேண்டுமானாலும் காட்டுகிறேன்.

புரட்டாசியில் மூன்றாவது கதை ஒளிபரப்பானது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மறுபடியும் போன் பண்ணினார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்து எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"வாத்தியாரே, டிவியில நான் பேசுறேன். எப்பப் பேசினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகமே வரலை. நான் ஸ்டூடியோ வந்தேனா? சகாயத்தைக் கேட்டா நீ எங்கயும் போகலைங்கிறாரு. எனக்கு மறதி கிறதி வந்துடுச்சா?"

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? மன்னிச்சுடுங்க அக்கா. இரண்டு சொல். நான் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு பேசினேன். நாலாவது பத்தியில் தெளிவாக இருக்கிறது அக்கா, ஆறாவது பத்தியில் கால அளவு இருக்கிறது, நீங்கள் முழுதாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டீர்கள், சட்டப்படி இதில் பிழையே இல்லை, ஆனால் தார்மீகமாகப் பார்த்தால் நான் உங்கள் பக்கம்தான். இப்படிப் பேசினேன். வாதம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு நிமிடமோ மூன்று நிமிடமோ, மூச்சுவிடாமல்.

நான் முடித்ததும் அக்கா கேட்டார்.

"மகள்னு எழுதியிருந்தியே, எழில்."

அன்றைக்குத்தான் என்னை முதல்முதலாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வைத்துவிட்டார்.

என்ன கேட்டீர்கள்? நான் எதுவுமே செய்யவில்லையா என்றா? செய்தேனே. கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் கடிதம் எழுதினேன். சாரோடு ஒரு வாரம் பேசவில்லை. துறைக் கருத்தரங்கில் கட்டுரை படித்தேன், செய்யப்பட்ட உலகங்களில் உயர்திணை என்று தலைப்பு. நோராவைப் பற்றி. அவளைத் திங்கட்கிழமைக்குத் திருப்பி வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இருபது நிமிடம் பேசினேன். கைதட்டல் அடங்க நேரமானது. கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்து, நோராவுக்குத் தமிழில் பேசியது யார், பிரமாதமாக இருந்தது என்றாள். நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அவ்வளவு பெரிய அரங்கத்தில் ஒரு பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்கெல்லாம் நானா பொறுப்பு? கம்பெனி அனுப்பிய படிவம், சார் சொன்ன வேலை. நான் இல்லாவிட்டால் இன்னொருத்தி எழுதியிருப்பாள், 'மாதிரிக்குரல்' என்றோ எதுவோ. ஆமாம், அப்படி எழுதியிருந்தால் அக்கா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். எனக்கே தெரியும், நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம்.

இப்போது உங்கள் விஷயம். உங்களை நோரா மாதிரி ஒருத்திக்குப் பேசக் கூப்பிடவில்லை. பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள், ஆஸ்பத்திரிகள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெண் குரல் வேண்டுமாம். உங்களிடம் வாக்கியப் பட்டியலைப் படிக்கச் சொல்வார்கள், அதே பட்டியல்தான், ஐந்து நாள் ஆகும். அதன் பிறகு வண்டி தாமதமானாலும் தடம் மாறினாலும், பிள்ளை காணாமல்போனாலும் உங்கள் குரல் சொல்லும். உங்கள் ஊர் நிலையத்திலும் சொல்லும். அப்போது நீங்கள் மைக் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. குரல்மகள் என்றால் இதுதான் பொருள். விளக்கிவிட்டேன்.

கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் இங்கே வேலை பார்க்கிறவள். ஏன் இன்னும் பார்க்கிறாய் என்று கேட்காதீர்கள். உள்ளே இருந்தால்தான் எதையாவது மாற்ற முடியும் என்பது என் நிலைப்பாடு. மாற்றியிருக்கிறேனா? இன்றைக்கு உங்களிடம் சொன்னேனே. உங்களுக்கு முன்னால் வந்த நாலு பேரிடம் சொல்லவில்லை.

பேனாவை மூடிவிட்டீர்கள். படிவத்தையும் மடிக்கிறீர்கள். சரி. அதை எடுத்துப் போகக் கூடாது, ஆனால் போங்கள், சாருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். டீ மிச்சம் வைத்துவிட்டீர்களே.

அக்கா வீடா? எதற்கு? இல்லை, தெரியும், எனக்குத் தெரியும். வளசரவாக்கம், மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது சந்து, பச்சைக் கதவு. இங்கிருந்து நடந்தே போய்விடலாம், இருபது நிமிடம். நான் அந்தச் சந்துமுனை வரைக்கும் மூன்று தடவை போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்ன பேசுவது என்று குறிப்பு எழுதி எடுத்துப் போனேன், அங்கே நின்று படித்துப் பார்த்தால் எல்லாம் என் பக்கத்து நியாயமாகவே இருந்தது, திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் போய்ப் பாருங்கள். நான் சொன்னதையெல்லாம் சொல்லுங்கள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சொல்லுங்கள், அது அவருக்குத் தெரியாது. அவர் என்னைத் திட்டினால், என்னென்ன சொல்லித் திட்டினார் என்று ஒன்று விடாமல் வந்து சொல்ல முடியுமா? நான் எதிர்த்துப் பேச மாட்டேன்.